முகம் மூடாத வேடங்கள்

என் மகள் முதன்முதலில் பேயாகப் போக ஆசைப்பட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அப்போது நாங்கள் ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்து வந்து அஜின்கோர்ட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் குடியிருந்தோம். கணவருக்குத் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். நான் பகலில் ஒரு டிரை கிளீனிங் கடையில் காற்சட்டைகளுக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும் வழியில் மகள் சொன்னாள்.

"அம்மா, ஹலோவீனுக்கு நான் பேயா வரப்போறன்."

"பேயோ? ஏன், வேற ஒண்டும் இல்லையோ?"

"பேய்தான் ஈஸி. ஒரு வெள்ளை பெட்ஷீட், ரெண்டு ஓட்டை. அவ்வளவுதான். டீச்சர் சொன்னவ."

அவ்வளவுதான் என்று எனக்கும் பட்டது. துணி வெட்டுவது என் அன்றாட வேலை. பழைய கட்டில் விரிப்பில் இரண்டு ஓட்டை போடுவது பெரிய காரியமா? சனிக்கிழமை காலை அவளைக் கதிரையில் ஏற்றி நிற்கவைத்தேன். விரிப்பைத் தலைவழியே போட்டு, கண் வரும் இடத்தைச் சோக்கால் அடையாளம் வைத்து, கழற்றி வெட்டினேன். மறுபடி போட்டுவிட்டபோது அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தோளின் குலுக்கத்தில் தெரிந்தது.

"முடிஞ்சுதா அம்மா?"

"முடிஞ்சுது. திரும்பு பாப்பம்."

திரும்பினாள்.

வெள்ளைத் துணியில் இரண்டு கறுப்பு ஓட்டைகள். அவற்றுக்குள்ளே ஏதோ அசைந்து என்னைப் பார்த்தது. பார்ப்பது என் பிள்ளை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு பயனும் இல்லை. கையிலிருந்த கத்தரிக்கோல் விழுந்த சத்தம் கேட்டது. அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது, நான் குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு தொட்டியின் விளிம்பில் இருந்ததுதான்.

வெளியே அவள் குதித்துச் சிரித்தாள். "அம்மா பயந்திட்டா! அம்மா பயந்திட்டா!"

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. கதவில் தட்டினாள். "அம்மா, நான்தான். வெளியில வாங்கோ."

"அதைக் கழட்டு. நீ கழட்டினாத்தான் நான் வருவன்."

"கழட்டத் தெரியேல்ல அம்மா. கால் சிக்கிட்டுது."

அழத் தொடங்கினாள். விரிப்பு அவளுக்கு மிக நீளம். அதற்குள் சுற்றுப்பட்டு விழுந்து, கதவுக்கு அந்தப் பக்கத்தில் தரையில் கிடந்து அழுதாள். ஒரு தாய்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும் கதவைத் திறக்க? ஆனால் என் கை பூட்டில் இருந்தது, திருப்ப மாட்டேன் என்றது. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் திறந்தேன். குனிந்து, குருடி போலத் தடவி, துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். அவளுடைய ஈரமான கன்னம் என் கையில் பட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

அன்றே அந்த விரிப்பில் முகம் முழுவதும் வெளியே தெரியும்படி பெரிய வட்டமாக வெட்டி, சுற்றி இலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனவள் குழம்பிய முகத்தோடு திரும்பி வந்தாள். "அவிச்ச முட்டை வேஷமா எண்டு டீச்சர் கேட்டவ." என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஓம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றாள்.

என் பயத்தின் காரணத்தை அப்போது நான் யாருக்கும் சொல்லவில்லை. கணவருக்கும்கூட. இங்கே சொல்கிறேன்.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, யுத்தகாலத்தில், ஒரு காலை எங்கள் ஊரை ஆமி சுற்றி வளைத்தது. வீடு வீடாக வந்து எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகச் சொன்னார்கள். வெயிலில் வரிசையாக இருத்தினார்கள். மைதானத்தின் நடுவில் ஒரு ஜீப். அதில் ஒருவன் இருந்தான். அவன் தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை வெட்டியிருந்தார்கள். இப்படி இயக்கத்து ஆட்களை அடையாளம் காட்டக் கொண்டுவரப்படுகிறவர்களுக்குச் சனங்கள் தலையாட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போய் அவன் முன்னால் நிற்கவேண்டும். கையைப் பக்கத்தில் நேராக வைத்து, முகத்தை நிமிர்த்தி நிற்கவேண்டும். அந்தச் சாக்கு அசையாமல் இருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். மேலும் கீழும் ஆடினால் உங்களை லொறியில் ஏற்றுவார்கள்.

நான் நின்றேன். அந்த இரண்டு ஓட்டைகளும் என்னைப் பார்த்தன. மற்றவர்களைவிட என்னை நெடுநேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. அசையவில்லை. போ என்று கையைக் காட்டினார்கள். எனக்குப் பின்னால் வந்தவன் என் அண்ணன். அவன் வந்து நின்ற உடனேயே சாக்கு ஆடியது.

அண்ணன் மாதக்கணக்கில் காணாமல் இருந்து பிறகு வந்து சேர்ந்தான். இப்போது பாரிசில் இருக்கிறான், இடது காது கேட்காது. உயிரோடு இருக்கிறான் என்பதே பெரிது என்று வீட்டில் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நானும் கதைக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி என்னோடேயே இருந்தது. அந்தச் சாக்குக்குள் இருந்தவனுக்கு என்னைத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் விட்டானா? என்னை விட்டதற்குப் பதிலாகத்தான் அண்ணனை எடுத்தானா?

முட்டை வேடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. என்ன வேடமும் போடலாம், முகம் மூடக்கூடாது. மகள் ஏன் என்று கேட்டால், மூச்சு முட்டும் என்பேன்; ரோட்டில் கார் வருவது தெரியாது என்பேன்.

சட்டத்துக்கு ஈடாக நான் வருடா வருடம் பாடுபட்டேன். மஞ்சள் நைலெக்ஸ் சேலையைக் கிழித்து, கம்பி ஹாங்கர்களை வளைத்து, வண்ணத்துப்பூச்சிச் சிறகு செய்தேன். ஒரு வருடம் தொலைக்காட்சி வந்த பெட்டியில் வெள்ளித்தாள் ஒட்டி ரோபோ. இன்னொரு வருடம் அவள் மரம். கடையில் யாரும் வந்து எடுக்காமல் விட்ட பழுப்புக் கோர்டுரோய்த் துணியை முதலாளி தந்தார், அதில் அடிமரம் தைத்து, பச்சைத் துணியில் இலைகள் வெட்டி ஒவ்வொன்றாகக் கோத்தேன். இந்த ஊரில் ஒக்டோபர் கடைசியில் மழையும் குளிருமாக இருக்கும், சில வேளை பனியே கொட்டும். அதனால் எந்த வேடமும் குளிர் ஜாக்கெட்டுக்கு மேலே போடும் அளவில் இருக்கவேண்டும். எல்லா வேடத்திலும் என் பிள்ளை கொஞ்சம் கொழுத்தவளாகத்தான் இருப்பாள். கொழுத்த வண்ணத்துப்பூச்சி, கொழுத்த மரம்.

தைப்பது சுகம். தைத்து முடித்த பிறகு ஹலோவீன் பின்னேரம் அவளோடு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போகவேண்டுமே, அதுதான் கொடுமை. கணவர் வேலையில். வேறு யாரும் இல்லை. லிஃப்ட் கதவு திறக்கும். உள்ளே ஆறேழு முகமூடிகள் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கும். நான் மகளின் கையைப் பிடித்து, "அடுத்ததில போவம்," என்பேன். அடுத்ததிலும் அப்படித்தான் இருக்கும். சில வருடம் ஒன்பது மாடியும் படியால் இறங்கியிருக்கிறோம். ரோட்டில் எதிரே யாராவது முகம் மூடி வந்தால் நான் நடைபாதையை விட்டுப் புல்லில் இறங்கிவிடுவேன். அவர்கள் எல்லாம் என் இடுப்பளவு உயரமான குழந்தைகள். கையில் இனிப்புப் போடுகிற தலையணை உறை. அது எனக்கும் தெரியும்தான்.

நாங்கள் வீட்டுக்கு வந்ததும் கணவர் வேலையிடத்திலிருந்து தொலைபேசியில் கேட்பார். "என்ன, பிள்ளைக்கு நிறையச் சொக்லேட்டோ?"

"ஓம், நிறைய."

"நீர் என்ன, குரல் ஒரு மாதிரி?"

"குளிர் பிடிச்சிட்டுது," என்பேன்.

மகளுக்குப் பத்து வயதானபோது நாங்கள் மோர்னிங்சைட் பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ் ஒன்றுக்கு மாறியிருந்தோம். அந்த வருடம் அவள் முதல்முறையாக வாய் காட்டினாள். "எல்லாரும் மாஸ்க் போடினம். நான் மட்டும் பேபி மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு போறன்."

"முகம் மூடுறேல்ல எண்டு சொல்லியிருக்கு."

"மூச்சு முட்டாது அம்மா. அது சும்மா நீங்கள் சொல்றது."

ஆந்தை வேடம் தைத்துத் தருகிறேன் என்றேன். தடித்த கம்பளித் துணியில் நூற்றுக்கணக்கான இறகு வெட்டி, சாம்பலும் பழுப்பும் மாறிமாறி வைத்து, கையை விரித்தால் சிறகாக விரியும்படி தைத்தேன். முகத்தைச் சுற்றி மட்டும் இறகு, முகம் வெளியே. நான் தைத்தவற்றுள் அதுதான் அழகு. அவளுக்கும் பிடித்துப்போயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஹலோவீன் அன்று மழை இல்லை. ஊர் முழுக்க வெளியே வந்துவிட்டது போலக் கூட்டம். மகளும் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியும் முன்னால் போக, நான் கொஞ்சம் பின்னால் வந்தேன். தோழி கறுப்பு அங்கியும், வாய் பிளந்த வெள்ளைப் பிளாஸ்டிக் முகமூடியும் போட்டிருந்தாள். அவளைப் பார்க்காமல், ஆந்தையின் இறகுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் வரிசை முடியும் மூலையில் ஒரு வீட்டுக்காரர் தன் கராஜைப் பேய் வீடாக மாற்றியிருந்தார். வாசலில் வெள்ளைப் புகை. உள்ளே சங்கிலி இழுபடுகிற சத்தம். பிள்ளைகள் நீளமாக வரிசையில் நின்றார்கள். அந்த நேரம் முழு உடம்பும் கறுப்புத் துணியால் மூடிய உயரமான யாரோ ஒருவர் என் தோளை உரசிக்கொண்டு போனார். நான் வேலியோரம் ஒதுங்கிப்போய் மறுபக்கம் திரும்பி நின்றேன், மூச்சு திரும்பும்வரை. எவ்வளவு நேரமோ தெரியாது, திரும்பிப் பார்த்தபோது ஆந்தையைக் காணவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எத்தனையோ முகமூடிகள் திரும்பின. ஒன்றிலும் முகம் இல்லை. ஓர் ஆந்தையைக் கண்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். என் ஆங்கிலம் எனக்கே விளங்கவில்லை. எந்த முகமூடியும் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் ஒதுங்கிப்போய்க்கொண்டிருந்த அந்த உருவங்களுக்கு நடுவிலேயே புகுந்து ஓடினேன். தூரத்தில், தெருவிளக்கின் கீழே, சாம்பலும் பழுப்புமாக இறகுகள் தெரிந்தன. ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

இறகுகளுக்கு நடுவில் வேறு பிள்ளையின் முகம்.

அந்த ஒரு கணத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளையின் உடுப்பு இங்கே இருக்கிறது, உடுப்புக்குள்ளே என் பிள்ளை இல்லை.

தோழிதான் அது. என் பிடி வலித்திருக்கவேண்டும்; கண் கலங்கிவிட்டது. "நாங்கள் மாத்திக்கொண்டம் அன்ரி," என்றாள். "அவளுக்கு மாஸ்க் போட்டுப் பாக்க ஆசை. அவள் கராஜுக்குள்ள போயிட்டாள்."

நான் வெளியே காத்திருந்திருக்கலாம். போகிற பிள்ளைகள் எல்லாம் பக்கக் கதவால் சிரித்துக்கொண்டு வந்துகொண்டுதானே இருந்தார்கள். ஆனால் காத்திருப்பது அன்று எனக்கு முடியாத காரியம். வரிசையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கறுப்புக் குப்பைப் பைகளைத் தொங்கவிட்டு ஒடுக்கமான பாதை அமைத்திருந்தார்கள். கிழித்துவிட்ட பிளாஸ்டிக் கீலங்கள் முகத்தில் தட்டின. பாதை வளைந்த இடத்தில் ஒரு பச்சை மின்குமிழ். அதன் கீழே ஒரு முக்காலி. முக்காலியில் ஒருவர் குனிந்து இருந்தார். தலையில் சாக்கு. சாக்கில் இரண்டு ஓட்டைகள்.

நான் ஓடவில்லை. கத்தவும் இல்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் போய் அவர் முன்னால் நின்றேன். கைகளைப் பக்கத்தில் நேராக வைத்தேன். முகத்தை நிமிர்த்தினேன். பிள்ளையைத் தேடி வந்தவள் என்பது மறந்துபோயிற்று. குளிர் மறந்துபோயிற்று. கழுத்தின் பின்புறத்தில் வெயில் சுட்டது. சத்தியமாகச் சுட்டது.

சாக்கு மெல்ல நிமிர்ந்தது. என்னைப் பார்த்தது. பிறகு மேலும் கீழுமாக ஆடியது.

அடுத்த கணம் நான் சீமெந்துத் தரையில் இருந்தேன். பின்னால் வந்த பெடியள் முதலில் சிரித்தார்கள், பிறகு பின்வாங்கினார்கள். சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த மனிதர் என் பக்கத்தில் குந்தினார். நாற்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர், வியர்த்த முகம். நான் எதையோ தமிழில் முணுமுணுத்திருக்கிறேன் போலிருக்கிறது. அவரும் தமிழிலேயே கேட்டார். ஆனால் எங்கள் தமிழ் இல்லை.

"அக்கா, என்னாச்சு? ஐயோ, பயந்துட்டீங்களா? சும்மா கோணிப்பைக்கா இது. சாரிக்கா, ரொம்ப சாரி."

மின்விளக்குகள் எல்லாவற்றையும் போடச் சொல்லி உள்ளே கத்தினார். வெளிச்சம் வந்ததும் அது ஒரு சாதாரண கராஜ். மூலையில் பனிக்கால டயர்களும் ஒரு சின்னச் சைக்கிளும். அவருடைய மனைவி தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் கறுப்பு அங்கியில் ஒரு வெள்ளை முகமூடி வந்து நின்றது, பிறகு அது கழன்றது. என் மகள்.

"அம்மா? அம்மா, நான் மாஸ்க் போட்டதாலையா?"

"இல்லை," என்றேன். "இல்லை பிள்ளை." அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். விடச் சொல்லி அவள் கேட்கவில்லை.

அன்று கணவர் வேலையால் வந்தபோது நாங்கள் இருவரும் சமையலறை மேசையில் விளக்கைப் போட்டுக்கொண்டு இருந்தோம். மகளை அனுப்பிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன், அவள் போகவில்லை. மைதானம், ஜீப், சாக்கு, அண்ணன், எல்லாவற்றையும் சொன்னேன். மகள் என் சட்டைக் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்றார்.

"சொன்னா அது வீட்டுக்குள்ள வந்திடும் எண்டு பயமா இருந்தது."

அவர் தேத்தண்ணீருக்குக் கேத்தலைப் போட்டார். அடுத்த வருடத்திலிருந்து அவர் ஹலோவீன் அன்றைக்கு லீவு எடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் பின்னேரம் கராஜ்க்காரரும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். மதுரைப் பக்கத்து ஆட்கள், கணினி வேலைக்காக வந்தவர்கள். மைசூர்பாகு கொண்டுவந்தார்கள். ஒரு முறை சொல்லியாகிவிட்டதால் இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. அவர் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "இப்படி ஒண்ணு இருந்துச்சுனே எங்களுக்குத் தெரியாதுக்கா," என்றார். எழும்பிப் போகும்போது வாசலில் நின்று, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"அந்தச் சாக்குக்குள்ள இருந்த ஆளு யாருன்னு கடைசி வரைக்கும் தெரியவே இல்லையா?"

இந்த ஒரு கேள்வியைத்தான் நான் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்தேன். கேட்கக்கூடிய ஆள் ஒருவன் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பாரிசுக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணன் முதலில் சுகம் விசாரித்தான், குளிர் தொடங்கிவிட்டதா என்று கேட்டான். நான் நேரே கேட்டேன்.

"அண்ணை, அண்டைக்குத் தலையாட்டினவன் ஆர்? எங்களைத் தெரிஞ்சவனே?"

அந்தப் பக்கத்தில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "ஏன் இப்ப உது?"

"எனக்குத் தெரியவேணும்."

"அவன் எங்கட ஊர் இல்லை. என்னை ஏத்தின லொறியிலதான் பிறகு அவனையும் கொண்டுவந்து தள்ளினவங்கள். சாக்கைக் கழட்டேக்க கண்டனான். கண் ரெண்டும் அடிச்ச அடியில வீங்கி மூடிப்போய்க் கிடந்தது. அவனுக்கு ஒண்டும் தெரியேல்ல."

"இல்லை அண்ணை. அவன் என்னைப் பாத்தவன். கனநேரம் பாத்தவன்."

"அவனுக்குக் கண் தெரியேல்லையடி. பின்னால நிண்ட ஆமிக்காரன் துவக்கால குத்தினாத் தலையை ஆட்டவேணும், அவ்வளவுதான். ஆரை ஏத்துறது எண்டு அவங்கள்தான் பாத்தது. அவனைவிடப் பயந்தவன் அந்த மைதானத்தில ஒருத்தரும் இல்லை. லொறியில என்ர மடியிலதான் தலையை வைச்சுக்கொண்டு கிடந்தவன்."

"பிறகு?"

"பிறகு எனக்குத் தெரியாது. அவனை வேற எங்கயோ கொண்டுபோட்டாங்கள்."

என் மீது இருந்த ஒரு பாரம் இறங்கியிருக்கவேண்டும் என்று வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். அண்ணன் போனது என்னால் இல்லை என்பது ஆறுதல்தான். ஆனால் அன்று எனக்கு வந்தது இன்னொரு பயம். என்னை யாரோ பார்த்து, யோசித்து, விட்டதாக நான் இத்தனை காலம் நம்பியிருந்தேன். அப்படி ஒருவருமே இல்லை. எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் இருந்தது, யாரோ ஒருவன் குத்தாமல் விட்டதும் குத்தியதும் மட்டும்தான். பல இரவுகள் மகளின் அறை வாசலில் போய் நின்று மூச்சுச் சத்தம் கேட்டுவிட்டு வந்து படுத்தேன்.

அந்தப் பயம் எப்படித் தணிந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. தணிந்துபோன ஒரு நாள் மட்டும் நினைவிருக்கிறது. மகளுக்குப் பதினைந்து வயது. அவளே தைக்கப் பழகியிருந்தாள். பாடசாலை நாடகக் கழகத்தார் எல்லோரும் ஹலோவீனுக்குப் பழைய மாதிரி வெள்ளைத் துணிப் பேயாகப் போவதென்று முடிவுசெய்திருந்தார்கள். அவள் வெள்ளை விரிப்பைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"அம்மா, நான் உங்களுக்கு முன்னால போடமாட்டன். சிநேகிதியின்ர வீட்டில போய்த்தான் போடுவன். ஓகேயா?"

எனக்கு அவள் மீது வந்த இரக்கத்தில், "இஞ்ச கொண்டா," என்றேன். வாங்கி, உதறி, நானே தலைவழியே போட்டுக்கொண்டேன்.

உள்ளே சலவைத்தூள் மணம். என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. அவள் வெட்டிய ஓட்டைகள் சிறியவை; அடுப்பில் ஒரு துண்டு, யன்னலில் ஒரு துண்டு தெரிந்தது. என் கால் எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியவில்லை. யாராவது தட்டினால் எந்தப் பக்கத்திலிருந்து தட்டுவார்கள் என்று தெரியாது. அவனை நினைத்தேன், அந்தப் பெயர் தெரியாதவனை. காலை தொடங்கிப் பின்னேரம் வரை, வெயிலில், தண்ணீர் இல்லாமல்.

அப்போது கணவர் மரக்கறிப் பைகளோடு உள்ளே வந்தார். "ஐயோ அம்மா!" என்று கத்தி ஒரு பையைக் கீழே போட்டார். கத்தரிக்காய்கள் உருண்டன. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். துணிக்குள்ளே நானும் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம், உள்ளே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கழற்றி மேசையில் விரித்தேன். கத்தரிக்கோலை எடுத்துக் கண் ஓட்டைகள் இரண்டையும் நன்றாகப் பெருப்பித்தேன். கிழியாமல் இருக்க ஓரத்தை மடித்து மெஷினில் அடித்தேன். பக்கவாட்டிலும் பார்க்கக்கூடியதாகக் கொஞ்சம் நீட்டிவிட்டேன்.

"இப்ப பேய் மாதிரியே இல்லை அம்மா," என்றாள். "ஆச்சரியப்பட்ட ஆள் மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். ரோட்டைக் கடக்கேக்க நாலு பக்கமும் தெரியவேணும்."

அவள் அதைப் போட்டுக்கொண்டு வாசலால் போனாள். நான் யன்னலில் நின்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன், அவள் மூலை திரும்பும்வரை.

இப்போது மகள் வேறு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். யாருக்கும் வேடம் தைக்க வேண்டியதில்லை. ஒக்டோபர் கடைசியில் வாசலில் ஒரு கதிரை போட்டு, சொக்லேட் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். என் வாசலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: முகமூடியைத் தூக்கி முகத்தைக் காட்டினால்தான் சொக்லேட். இந்த டவுன்ஹவுஸ் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. படியில் ஏறும்போதே முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு வருவார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

போன வருடம் ஒருவர் தூக்கவில்லை. உயரமானவர், தனியாக வந்தார், முகம் முழுக்கக் கறுப்புத் துணி. நான் சொன்னேன், இரண்டு தரம் சொன்னேன். பேசாமல் நின்றார். விளையாட்டுக்குத்தான் நின்றிருப்பார். எழும்பி உள்ளே போய்க் கதவைப் பூட்டினேன். வாசல் விளக்கை அணைத்துவிட்டு, கோட்டுகள் தொங்கும் இடத்தில் நின்றேன். கணவர் மேலேயிருந்து, "என்னப்பா?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை, ஒருத்தன் முகம் காட்டுறானில்லை," என்றேன். அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். வெளியே காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது.

பிறகு மணி அடித்தது. கணவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் போட்டேன். நானே கதவைத் திறந்தேன்.

சோளப்பொத்தி வேடத்தில் ஒரு சின்னப் பெண். ஜாக்கெட்டுக்கு மேலே போட்ட மஞ்சள் துணி வயிற்றில் உப்பி, தையல் ஓரிடத்தில் பிரிந்து நூல் தொங்கியது. தாய் கீழே நடைபாதையில் நின்றாள். குளிரில் சிவந்த மூக்கோடு பிள்ளை பையை நீட்டியது. "கொஞ்சம் பொறு," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஊசியும் மஞ்சள் நூலும் கொண்டுவந்தேன்.

"அசையாமல் நில்," என்றேன்.

நின்றது.

இரண்டு தையலில் முடிந்துவிட்டது.